பெயர்களைத் தேடிய பெண்மணி



வரலாற்றுப் பாடத்தில் ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு ஆண்டுகளை மனப்பாடம் செய்வோம். ஒன்று, போர் தொடங்கிய ஆண்டு. மற்றொன்று, போர் முடிந்த ஆண்டு. தேர்வில் இரண்டையும் சரியாக எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போருக்குப் போன மகன் வீடு திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்ற செய்தியும் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்க்குப் போர் எந்த ஆண்டில் முடிந்தது? போர்க்களத்தில் ஒரு காலை இழந்து, ஊன்றுகோலுடன் ஊர் திரும்பிய வீரருக்கு அது எப்போது முடிந்தது?

புத்தகத்தில் இதற்கு விடை இருக்காது. ஆனால், அந்தத் தாய்க்கும் அந்த வீரருக்கும் உதவுவதற்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் கிளாரா பார்ட்டன். அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் அவரைப் பற்றி ஒரு வரி படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதையை இன்று பார்ப்போமா?

கூச்ச சுபாவமுள்ள சிறுமி

1821 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நார்த் ஆக்ஸ்போர்டு என்ற ஊரில் கிளாரா பிறந்தாள். வீட்டில் ஐந்து குழந்தைகள். அவள்தான் கடைக்குட்டி. அப்பா ஸ்டீபன் பார்ட்டன் ஒரு விவசாயி. இளம் வயதில் படைவீரராக இருந்தவர். மாலை நேரங்களில் மகளை அருகில் உட்கார வைத்து, தாம் கண்ட போர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்.

கிளாராவுக்குக் கூச்சம் அதிகம். வெளியாட்களிடம் பேசவே பயப்படுவாள். இந்தச் சிறுமியா பிற்காலத்தில் பீரங்கிகளுக்கு நடுவே நடக்கப் போகிறாள் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு 11 வயதாக இருந்தபோது அண்ணன் டேவிட், தானியக் களஞ்சியம் ஒன்றின் கூரை வேலையின்போது உயரத்திலிருந்து கீழே விழுந்து படுத்த படுக்கையானார். கிளாரா அவர் அருகிலேயே இருந்தாள். நேரத்துக்கு மருந்து கொடுத்தாள். அந்தக் கால மருத்துவத்தில் கெட்ட ரத்தத்தை எடுப்பதாகச் சொல்லி உடலில் அட்டைகளைக் கடிக்க விடுவார்கள். அருவருப்புப் படாமல் அதையும் கற்றுக்கொண்டு செய்தாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்! அண்ணன் எழுந்து நடந்தார். பிறர் வலியைக் கண்டு ஓடாமல் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற பாடம், பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தப் படுக்கையின் ஓரத்தில் அவளுக்குக் கிடைத்தது.

ஆசிரியை கிளாரா

17 வயதில் கிளாரா ஆசிரியை ஆனார். வகுப்பில் முரட்டுப் பையன்கள் சிலர் இருந்தார்கள். கிளாரா பிரம்பை எடுக்கவில்லை. இடைவேளையில் அவர்களோடு விளையாடப் போனார். அண்ணன்களோடு வளர்ந்தவர் அல்லவா? பையன்களுக்கு இணையாகப் பந்து எறிந்தார். அதன் பிறகு அந்த முரடர்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பார்களா?

1852 இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பார்டன்டவுன் என்ற ஊருக்குப் போனார். அங்கே கட்டணம் கட்ட முடியாத ஏழைக் குழந்தைகள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இலவசப் பள்ளி ஒன்று தொடங்குங்கள், மூன்று மாதம் சம்பளமே இல்லாமல் நான் பாடம் நடத்துகிறேன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். ஆறே ஆறு மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. பிறகு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். ஊரார் புதிய கட்டடம் கட்டினார்கள்.

பள்ளி வளர்ந்ததும் என்ன நடந்தது தெரியுமா? இவ்வளவு பெரிய பள்ளியைப் பெண் நிர்வகிக்க முடியாது என்று சொல்லி, ஓர் ஆணைத் தலைமை ஆசிரியராக நியமித்தார்கள். அவருக்குக் கிளாராவைப் போல இரு மடங்கு சம்பளம்! மனம் நொந்த கிளாரா அந்த வேலையை விட்டு விலகினார்.

1854 இல் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து, காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். ஆண்களுக்குச் சமமான சம்பளத்தில் அமெரிக்க அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். பக்கம் பக்கமாகப் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் அவர் வேலை. இந்தக் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது உதவப் போகிறது.

போர் வந்தது

1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கும் கொடுமை இருந்தது. அந்த அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிய முயன்றன. ஆபிரகாம் லிங்கன் தலைமையிலான அரசு அதை எதிர்த்தது. ஒரே நாட்டு மக்கள் இரு பிரிவாக நின்று மோதினார்கள்.

1861 ஏப்ரல் 19 ஆம் நாள், மாசசூசெட்ஸ் படைப்பிரிவு ஒன்று தலைநகரைக் காக்க ரயிலில் வந்தது. வழியில் பால்டிமோர் நகரில் ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. நான்கு வீரர்கள் இறந்தார்கள். மற்றவர்கள் காயத்தோடு, உடைமைகளை இழந்து வாஷிங்டன் வந்து சேர்ந்தார்கள். செய்தி கேட்டு ஓடிய கிளாரா திகைத்து நின்றார். அந்த வீரர்களில் பலர் அவரிடம் படித்த மாணவர்கள்! கரும்பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்த பையன்கள், இப்போது சீருடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆசிரியை சும்மா இருப்பாரா? வீட்டிலிருந்த பழைய துணிகளைக் கிழித்துக் கட்டுத்துணியும் கைக்குட்டையும் செய்தார். ஊசி, நூல், சோப்பு, உணவு என்று கூடை கூடையாகக் கொண்டு போனார். அவர்கள் தங்க வைக்கப்பட்டிருந்த இடம் நாடாளுமன்றத்தின் செனட் சபை மண்டபம். அங்கே அவைத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த செய்தித்தாளை உரக்க வாசித்துக் காட்டினார். வீரர்கள் மீண்டும் மாணவர்களாகி, அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள்.

குண்டு துளைத்த சட்டைக் கை

அடிபட்ட வீரர்கள் தலைநகர் மருத்துவமனைகளுக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆயின. வழியிலேயே பலர் இறந்தார்கள். உதவி தேவைப்படும் இடம் மருத்துவமனை அல்ல, போர்க்களம்தான் என்று கிளாரா புரிந்துகொண்டார். ஆனால் அந்தக் காலத்தில் பெண்கள் போர்க்களத்துக்குப் போவதா? அதிகாரிகள் மறுத்தார்கள். கிளாரா விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1862 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது.

1862 செப்டம்பர் 17 ஆம் நாள் ஆன்டீட்டம் என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. அந்த ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். கட்டுத்துணி தீர்ந்துபோன மருத்துவர்கள், மக்காச்சோளக் கதிரின் மேலுறையை உரித்துக் காயங்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கிளாராவின் வண்டி வந்து நின்றது. வண்டி நிறையக் கட்டுத்துணி, மருந்து, உணவு! இருட்டியதும் வெளிச்சம் இல்லாமல் மருத்துவர்கள் தவித்தபோது, தாம் கொண்டு வந்திருந்த லாந்தர் விளக்குகளை எடுத்துக் கொடுத்தார்.

அன்று ஒரு வீரரின் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ வந்த குண்டு ஒன்று அவரது சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அந்த வீரரின் மார்பில் பாய்ந்தது. வீரர் அங்கேயே இறந்தார். கிளாராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஓட்டையைத் தைக்கவே இல்லை என்று பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். போர்க்களத்தின் தேவதை என்று அவரைப் புகழ்ந்தார்கள். எதிர்த் தரப்பு வீரர்கள் அடிபட்டுக் கிடந்தாலும் அவர் முகம் திருப்பிக்கொள்ளவில்லை.

இறக்கும் தறுவாயில் இருந்த வீரர்கள் அவரிடம் எதைக் கேட்டார்கள் தெரியுமா? தண்ணீருக்கு அடுத்தபடியாக, வீட்டுக்கு ஒரு செய்தி சொல்லும்படிதான் கேட்டார்கள். கிளாரா சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்து அவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்.

எங்கே என் மகன்?

1865 இல் போர் முடிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் யார், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதே தெரியவில்லை.

அது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். இன்று ராணுவ வீரர்கள் பெயரும் எண்ணும் பொறித்த உலோக வில்லையை அணிகிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் அந்த வழக்கம் 1906 இல்தான் வந்தது. உள்நாட்டுப் போரின்போது வீரர்கள் சிலர், சண்டைக்குப் போகும் முன் தங்கள் பெயரைக் காகிதத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். மழையில் நனைந்தால் அந்தக் காகிதம் என்ன ஆகும்? ஒருவர் இறந்தால் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற முறையான ஏற்பாடும் அப்போது அரசிடம் இல்லை.

காணாமல் போவது குடும்பத்துக்கு இரட்டைத் துன்பம். ஒன்று, மனத்துன்பம். உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பது தெரியாமல் அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. இன்னொன்று, வயிற்றுத் துன்பம். போரில் இறந்த சாதாரண வீரரின் மனைவிக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் உண்டு என்று 1862 இல் சட்டம் வந்திருந்தது. ஆனால் இறந்ததற்கு ஆதாரம் வேண்டுமே! காணாமல் போனவரின் மனைவி ஆதாரத்துக்கு எங்கே போவார்?

இந்தக் குடும்பங்கள் கிளாராவுக்குக் கடிதம் எழுதின. அவர் போர்க்களத்தில் இருந்தவர். அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். கடிதங்கள் குவியத் தொடங்கின. கிளாரா அதிபர் லிங்கனிடம் விண்ணப்பித்தார். காணாமல் போன வீரர்களைப் பற்றிய விவரம் வேண்டுவோர் கிளாரா பார்ட்டனுக்கு எழுதலாம் என்று லிங்கன் 1865 மார்ச்சில் அறிவித்தார். அடுத்த மாதமே லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் ஒப்புதல் அளித்த வேலை நிற்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஓர் அலுவலகம்

வாஷிங்டனில் ஏழாவது தெருவில் இருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிதான் கிளாராவின் வீடு. அதுவே அலுவலகமும் ஆனது. உதவிக்குச் சில எழுத்தர்களை வைத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்த முறை மிக எளிமையானது. ஆனால் அறிவு நிறைந்தது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். வந்த கடிதங்களைப் பிரித்து, காணாமல் போனவர்களின் பெயர்களை மாநில வாரியாகத் தொகுத்தார். அதைப் பெரிய பட்டியலாக அச்சிட்டார். தபால் நிலையங்களுக்கும், செய்தித்தாள்களுக்கும், வேறு பல இடங்களுக்கும் அனுப்பினார். ஊர் திரும்பிய வீரர்கள் அதைப் படித்தார்கள். தங்களோடு ஒரே கூடாரத்தில் இருந்த நண்பரின் பெயரைப் பார்த்ததும், அவர் இந்த இடத்தில், இந்த நாளில் இறந்தார், நான்தான் புதைத்தேன் என்று எழுதி அனுப்பினார்கள். கிளாரா அதை அந்தக் குடும்பத்துக்குத் தெரிவித்தார். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குக் கொண்டு சேர்ப்பது, அவ்வளவுதான்! கணினியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், வெறும் தாளும் பேனாவும் தபால்தலையும் கொண்டு அவர் நாடு முழுவதையும் தேட வைத்துவிட்டார்.

இப்படி ஐந்து பட்டியல்கள் வெளிவந்தன. அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள் 63,182. அவரும் எழுத்தர்களும் எழுதிய கடிதங்கள் 41,855. தகவல் கண்டுபிடிக்கப்பட்ட வீரர்கள் 22,000 பேருக்கு மேல்! பெரும்பாலானவை துக்கச் செய்திகள்தான். ஆனாலும் எத்தனையோ வீடுகளில் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

சட்டையின் உள்துணியில் ஒரு பட்டியல்

முதல் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் ஓர் இளைஞரும் இருந்தார். பெயர் டோரன்ஸ் அட்வாட்டர். வயது 20. போரின்போது தென் மாநிலப் படையிடம் பிடிபட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற சிறைமுகாமில் கிடந்தவர்.

அந்த முகாம் ஒரு திறந்தவெளி. சுற்றிலும் உயரமான மரவேலி. தங்கக் கூரை இல்லை. போதிய உணவு இல்லை. குடிக்கும் ஓடையே சாக்கடையாக இருந்தது. 14 மாதங்களில் அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுமார் 45,000 பேர். நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் வேலையை அட்வாட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பதிவேடு எங்கள் மக்கள் கைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். யாருக்கும் தெரியாமல் இன்னொரு பிரதி எழுதினார். விடுதலையானபோது அதைத் தம் மேற்சட்டையின் உள்துணிக்குள் ஒளித்து வெளியே கொண்டு வந்துவிட்டார்! பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கலாம்.

1865 கோடையில் அரசு அனுப்பிய ஒரு குழுவுடன் கிளாராவும் அட்வாட்டரும் ஆண்டர்சன்வில்லுக்குப் போனார்கள். இறந்தவர்களை நீண்ட பள்ளங்களில் வரிசையாகப் புதைத்து, ஒவ்வொருவர் தலைமாட்டிலும் எண் எழுதிய குச்சியை நட்டிருந்தார்கள். எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும். தொழிலாளர்கள் பெயர்ப் பலகைகளைச் செய்து, எழுதி, நட்டார்கள். கிட்டத்தட்ட 13,000 கல்லறைகளில் 460 மட்டுமே பெயர் தெரியாதவை. மற்ற அனைவருக்கும் அவரவர் பெயர் திரும்பக் கிடைத்தது. 1865 ஆகஸ்ட் 17 அன்று அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கிளாரா தேசியக் கொடியை ஏற்றினார்.

இவ்வளவு பெரிய உதவி செய்த அட்வாட்டருக்கு என்ன கிடைத்தது? விருதா? இல்லை, சிறை! பட்டியல் அரசுக்குச் சொந்தம் என்று ராணுவ அதிகாரிகள் சொன்னார்கள். குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும், தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். கிளாரா அவருக்காகப் போராடினார். சுமார் இரண்டு மாதங்களில் அவர் விடுதலையானார். 1866 இல் அந்தப் பட்டியல் அச்சாகி வெளிவந்து மக்கள் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கோபக்கார வீரர்

இன்னொரு சம்பவம். காணாமல் போனோர் பட்டியலில் ஒருவர் தம் பெயரைத் தாமே பார்த்தார்! உயிரோடுதான் இருந்தார். மகிழ்ச்சி அடையவில்லை, கோபம் வந்துவிட்டது. நாடு முழுவதும் என் பெயரைப் பரப்பும்படி நான் என்ன தவறு செய்தேன் என்று கேட்டுக் கிளாராவுக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினார்.

கிளாரா பொறுமையானவர்தான். ஆனால் ஆசிரியைக்குக் கண்டிக்கவும் தெரியும் அல்லவா? நீர் உம் குடும்பத்தை நினைத்ததைவிட, அவர்கள் உம்மை அதிகம் நினைத்ததுதான் அவர்களின் துரதிர்ஷ்டம் என்ற கருத்தில் பதில் எழுதினார். அவருடைய தாய் காத்திருந்து காத்திருந்தே இறந்து போயிருந்தார். எப்படியாவது அவனைக் கண்டுபிடி என்று தாய் கடைசியாகச் சொன்னதை நிறைவேற்றவே சகோதரி விண்ணப்பித்திருந்தார். இதற்காகத் தம்மால் மன்னிப்புக் கேட்க முடியாது என்று கிளாரா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த வீரர் ஏன் வீட்டுக்கு எழுதாமல் இருந்தார்? காரணம் அவருக்குத்தான் தெரியும். போருக்குப் போய் வந்தவர்களின் மனத்தில் என்னென்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிட முடியாது. அதையும் கொஞ்சம் பார்ப்போம்.

உயிரோடு வந்தவர்களின் போர்

உள்நாட்டுப் போரில் சுமார் 60,000 அறுவைச் சிகிச்சைகளில் கையோ காலோ துண்டிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். உழவர், தச்சர், கொல்லர் என்று உடலுழைப்பை நம்பி வாழ்ந்தவர்கள் கையில்லாமல் எப்படிப் பிழைப்பார்கள்? 1865 இல் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை ஆசிரியர், போரில் வலது கையை இழந்த வீரர்களுக்காகக் கையெழுத்துப் போட்டி ஒன்று அறிவித்தார். இடது கையால் எழுத வேண்டும்! அழகாக எழுதக் கற்றால் அலுவலக வேலை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். நூற்றுக்கணக்கானோர் எழுதி அனுப்பினார்கள். முப்பது வயதில் மீண்டும் அகரம் பழகுவதைப் போல, ஒவ்வோர் எழுத்தாக அவர்கள் பழகியிருக்க வேண்டும். ஆசிரியராக இருந்த எனக்கு, அந்தப் போட்டியைப் பற்றிப் படித்தபோது அவர்கள் அனைவருக்குமே முதல் பரிசு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

கண்ணுக்குத் தெரியாத காயங்களும் உண்டு. உடம்பில் அடியே படாத வீரர்கள் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், தூக்கம் வராது. ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் இப்படிப்பட்ட வீரர்களைப் பரிசோதித்து 1871 இல் கட்டுரை எழுதினார். இதயத்தில் ஏதோ கோளாறு என்று அப்போது நினைத்தார்கள். போர் போன்ற கொடுமைகளைக் கண்டவர்களின் மனத்தில் ஏற்படும் இத்தகைய பாதிப்புக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் முறையான நோய்ப் பெயரைக் கொடுத்தது 1980 இல்தான். நூறாண்டுக்கு மேல், பெயரே இல்லாத வலியை எத்தனை பேர் சுமந்தார்களோ!

கிளாராவும் தப்பவில்லை. தேடும் பணிக்குப் பணம் வேண்டுமே! முதலில் தம் சேமிப்பைச் செலவிட்டார். 1866 இல் நாடாளுமன்றம் 15,000 டாலர் வழங்கியது. ஊர் ஊராகப் போய்ப் போர் அனுபவங்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியும் பணம் திரட்டினார். ஒவ்வொரு மேடையிலும் அந்தக் காட்சிகளை மீண்டும் மீண்டும் நினைக்க வேண்டும், சொல்ல வேண்டும். 1868 இல் ஒரு நாள் மேடையில் நின்றபோது குரல் வரவில்லை. உடலும் மனமும் சோர்ந்து போயிருந்தன. ஓய்வு எடுக்காவிட்டால் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1869 இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். பல ஆண்டுகள் உடல்நலக் குறைவு அவரை விட்டுவிட்டு வருத்தியது. வீரர்களின் துயரத்தைத் துடைக்கப் போனவர்களுக்கும் போர் தழும்பைக் கொடுத்தே அனுப்புகிறது, குழந்தைகளே.

செஞ்சிலுவை பிறந்தது

ஓய்வுக்குப் போன இடத்திலும் வேலை காத்திருந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில், 1863 இல் ஹென்றி டுனான்ட் முதலியோர் தொடங்கிய செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி அறிந்தார். காயம்பட்ட வீரர் எந்த நாட்டவரானாலும் காக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. 1864 இல் ஜெனீவாவில் பல நாடுகள் இதற்காக ஒப்பந்தம் செய்திருந்தன. அமெரிக்கா மட்டும் ஏன் சேரவில்லை என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். கிளாராவிடம் பதில் இல்லை. 1870 இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது, நலமில்லாத உடம்போடு அங்கேயும் போய்த் தொண்டு செய்தார்.

தாய்நாடு திரும்பியபின், அமெரிக்காவை அந்த ஒப்பந்தத்தில் சேர வைக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார். இனி நமக்கு ஏது போர் என்று சொல்லி அதிகாரிகள் தட்டிக் கழித்தார்கள். வெள்ளம், தீ, புயல் வந்தால்? அப்போதும் இந்தச் சங்கம் உதவுமே என்று அவர் எடுத்துச் சொன்னார். 1881 மே 21 அன்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் உருவானது. 1882 இல் அமெரிக்கா ஜெனீவா ஒப்பந்தத்தை ஏற்றது. 1889 இல் ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் அழித்து 2,209 பேர் இறந்தபோது, 67 வயதுக் கிளாரா அங்கே ஐந்து மாதம் தங்கிப் பணியாற்றினார். 1898 இல் கியூபாவில் போர் நடந்தபோது 76 வயதில் அங்கேயும் போனார்!

எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று நினைப்பவர் அவர். கணக்கு வழக்குகளைச் சரியாகப் பேணவில்லை என்று குறை கூறினார்கள். 1904 இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1912 ஏப்ரல் 12 அன்று, 90 வயதில், மேரிலாந்து மாநிலத்தில் க்ளென் எக்கோ என்ற ஊரில் இருந்த தம் வீட்டில் காலமானார். பிறந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மறந்துபோன அறை

கதை இன்னும் முடியவில்லை. வாஷிங்டனில் அந்த மூன்றாம் மாடி அலுவலகம் 1868 இல் மூடப்பட்டது அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாக அதை எல்லாரும் மறந்தே போனார்கள். 1996 இல் அந்தப் பழைய கட்டடத்தை இடிக்க முடிவு செய்தார்கள். இடிப்பதற்கு முன் பார்வையிட வந்த அரசுத் தச்சர் ஒருவர், மேற்கூரைப் பகுதியில் ஒரு காகித உறை துருத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஏறிப் பார்த்தால் பழைய கடிதங்கள், துணிகள், பட்டியல்கள்! கூடவே ஒரு தகரப் பெயர்ப்பலகை. காணாமல் போன வீரர்களைத் தேடும் அலுவலகம், மூன்றாம் மாடி, ஒன்பதாம் எண் அறை, கிளாரா பார்ட்டன் என்ற விவரம் அதில் இருந்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டது. 2015 இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெயர்களைத் தேடித் தந்தவரின் பெயர்ப்பலகை, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் காணாமல் போயிருந்து கிடைத்திருக்கிறது!

இப்போது, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். போர் எப்போது முடிகிறது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அந்தப் போரில் சண்டையிட்ட ஒரு வீரரின் மகளுக்கு, அமெரிக்க அரசு மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டே இருந்தது. வீரர் மிக வயதான காலத்தில் பிறந்த மகள் அவர். உடல்நலக் குறைவு உள்ளவர். 2020 மே 31 அன்று, தம் 90 ஆம் வயதில் அவர் இறந்தார். அன்றோடுதான் அந்தப் போரின் கடைசி ஓய்வூதியம் நின்றது. கழித்துப் பாருங்கள். 155 ஆண்டுகள்! துப்பாக்கி ஓய்ந்த பிறகும் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் போர் அத்தனை காலம் நீடித்திருக்கிறது. வீடுகளில் எத்தனை காலம் நீடித்தது என்று யார் கணக்குச் சொல்வது?

அதனால்தான் கிளாரா, இறந்தவர்களை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கவில்லை. 13,000 பேர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒவ்வொருவரின் பெயரையும் கண்டுபிடித்துப் பலகையில் எழுதுவது கடினம். அவர் கடினமானதைச் செய்தார்.

உங்கள் பள்ளியில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் இருந்தால், அதில் இருக்கும் மாணவர்களுக்குக் கிளாராவின் கதையைச் சொல்லுங்கள். எங்காவது போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்தால், அதன் அருகில் ஓடிப் பிடித்து விளையாடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்லில் இருக்கும் பெயர்களில் ஒன்றையாவது வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பெயரை வைத்துக் கூப்பிட்ட ஓர் அம்மா இருந்திருப்பார். உங்கள் தெருவில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா யாராவது இருந்தால், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். வணக்கம் சொல்லி, நலமா தாத்தா என்று கேளுங்கள். அவருக்கு அது போதும்.